ஸ்கேன் எல்லாம் நார்மல், ஆனாலும் மயங்கி விழுகிறேன்

கேள்வி: எனக்கு வயது 24. சொந்த ஊர் ஏற்காடு பக்கம் ஒரு கிராமம். சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். ஒன்றரை வருஷத்தில் நான்கு முறை மயங்கி விழுந்துவிட்டேன். இரண்டு முறை கடையில், ஒரு முறை ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில். அந்த மூன்று முறையும் கண் இருட்டி, காது அடைத்து, வியர்த்துக் கொட்டியது. ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். நான்காவது, ஊருக்குப் போனபோது. பஸ்ஸை விட்டு இறங்கி, மழை வருகிறதே என்று மேட்டில் வேகமாக ஏறினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தால் ரோட்டில் கிடக்கிறேன். தாடையில் மூன்று தையல். கடையில் விழுந்தபோது கை கால் வெட்டி இழுத்ததாகச் சொன்னார்கள். தலை ஸ்கேன், மூளை அலையைப் பார்க்கும் இ.இ.ஜி., ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் 9.6, மற்றதெல்லாம் நார்மல். வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள் 'நடிக்கிறாள்' என்கிறார்கள். 'இவளுக்கும் காத்து கருப்பு பட்டிருக்கு' என்று பாட்டி மந்திரிக்கக் கூட்டிப் போனார். (என் சித்தப்பா நன்றாக நீந்துவார். 22 வயதில் கிணற்றில் குளிக்கும்போது இறந்துவிட்டார்.) எனக்கு என்ன நோய்? மாத்திரையை நிறுத்தலாமா? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டுமா? ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கும் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள் அம்மா. சித்தப்பாவைப் பற்றிய வரியைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், 'எல்லாம் நார்மல்' என்றால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று பொருள் கிடையாது. மயக்கம் என்பது மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகள் குறைவதால் வருவது. கீழே விழுந்து உடம்பு படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் திரும்பப் பாய்கிறது, நினைவும் வந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து எடுக்கும் தலை ஸ்கேனில் அதற்கு என்ன அடையாளம் இருக்கும்? கரண்ட் வந்த பிறகு பல்பைக் கழற்றிப் பார்ப்பது மாதிரிதான். மயக்கத்துக்குக் காரணம் தேடும்போது பெரும்பாலும் துப்பு கிடைப்பது, விழுவதற்கு முந்தைய ஒரு நிமிஷத்திலும் விழுந்ததற்குப் பிந்தைய ஐந்து நிமிஷத்திலும் என்ன நடந்தது என்ற விவரத்தில்தான். அதை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நான்கு மயக்கத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடையிலும் கோயில் வரிசையிலும் வந்த மூன்றும் ஒரே வகை. அசையாமல் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கித் தேங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே அனுப்பும். கவுன்ட்டருக்குப் பின்னால் சிலை மாதிரி நின்றால் அது நடப்பதில்லை. புழுக்கம், கூட்டம், காலை டிபனைத் தவிர்ப்பது, மாதவிடாய் நாள் எல்லாம் சேரும்போது ஒரு கட்டத்தில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இதயத்துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் தளர்ந்து, பிரஷர் சட்டென்று விழுகிறது. அதற்கு முன்னால் வருவதுதான் அந்தக் கண் இருட்டும் வியர்வையும். உலகத்தில் மயக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆபத்தில்லாதது, ஆனால் விழும் இடத்தைப் பொறுத்து அடிபடலாம். உங்கள் ரத்தசோகையும் இதில் கை கொடுத்திருக்கும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகைதான், 9.6 குறைவு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடையில் தண்ணீர் குடிக்கிறீர்களா? பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு டம்ளரோடு ஓட்டும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால், அது உங்கள் உடம்பின் கோளாறு இல்லை.

கை கால் வெட்டியதற்கு வருவோம். மூளைக்கு ரத்தம் குறையும்போது சில விநாடிகள் கை கால் துடிப்பது சாதாரண மயக்கத்திலும் நடக்கும். அதிலும் விழுந்தவரைப் படுக்க விடாமல் நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தால் துடிப்பு அதிகமாகும். உங்கள் கடையில் அப்படித்தான் செய்திருப்பார்கள், கையில் சாவிக்கொத்தும் கொடுத்திருப்பார்கள். வலிப்பு என்றால் வெட்டு பெரும்பாலும் ஒரு நிமிஷம், அதற்கும் மேல் நீடிக்கும். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். விழித்த பிறகும் ரொம்ப நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத குழப்பம் இருக்கும். நீங்கள் ஒரு நிமிஷத்தில் எழுந்து பேசியிருக்கிறீர்கள். எனக்கு இது வலிப்பாகத் தெரியவில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, இ.இ.ஜி. நார்மல் என்பதும் வலிப்பு இல்லை என்பதற்கு முழுச் சான்று ஆகாது. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் இந்த விவரங்களைச் சொல்லி, குறைப்பதா தொடர்வதா என்று அவரை முடிவெடுக்க வையுங்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வால்புரோயேட் என்றால் கல்யாணப் பேச்சு நடப்பதையும் அவரிடம் சொல்லுங்கள், கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் மருந்து அது.

நடிக்கிறாள் என்பவர்களிடம் வாதாட வேண்டாம். மன உளைச்சலால் மயக்கம் போல வருவதும் உண்டு. அதுவும் நடிப்பு இல்லை, ஆனால் அது பொதுவாகக் கண்ணை மூடியபடி பல நிமிஷம் நீடிக்கும். உங்களுடையது அந்த மாதிரி இல்லை.

சரி, நான்காவது மயக்கம். இது மற்ற மூன்றோடு ஒட்டவில்லை. நிற்கவில்லை, நடந்துகொண்டிருந்தீர்கள், அதுவும் மேட்டில் வேகமாக. முன்னறிகுறி எதுவும் இல்லை. தாடையில் தையல் என்றால் கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்காமல் முகம் குப்புற விழுந்திருக்கிறீர்கள். மலைக்காற்று, உயரம் என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம்தான், அந்த உயரத்துக்கு யாரும் மயங்குவதில்லை, அதுவும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஏறி முடித்து நின்ற பிறகு விழுந்தீர்களா, ஏறிக்கொண்டிருக்கும்போதே விழுந்தீர்களா என்று கூட வந்தவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். நின்ற பிறகு என்றால் கவலை கொஞ்சம் குறைவு. ஏறும்போதே என்றால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கேதான் சித்தப்பா வருகிறார். நன்றாக நீந்தத் தெரிந்த 22 வயதுப் பையன் கிணற்றில் இறந்தால் ஊரில் காத்து கருப்பு என்பார்கள். மருத்துவரின் காதில் அது வேறு மாதிரி விழும். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன்னை மின்னளவில் தயார் செய்துகொள்கிறது. சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த நேரம் கூடுதலாக இருக்கும். இ.சி.ஜி.யில் அந்த நேரத்துக்கு க்யூடி என்று பெயர், அது நீண்டிருக்கும் இந்தக் கோளாறுக்கு லாங் க்யூடி என்று பெயர். அப்படிப்பட்டவர்களுக்கு ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர்ச் சத்தத்தில் அதிரும்போதோ துடிப்பு தாறுமாறாகி நினைவு தப்பலாம். அது தானாகச் சரியானால் மயக்கம், சரியாகாவிட்டால் மரணம். கை கால் வெட்டுவதைப் பார்த்து இதை வலிப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பதும் நடக்கிற விஷயம்தான்.

உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குக் கிணற்றில் தலையில் அடிபட்டிருக்கலாம், உங்களுக்கு அந்த மேட்டில் கால் இடறியிருக்கலாம். ஆனால் அவர் நீரில் இறந்ததும், அவருடைய அண்ணன் மகள் மேட்டில் அறிகுறி இல்லாமல் விழுந்ததும் ஒரே குடும்பத்தில் நடந்திருக்கும்போது, பார்க்காமல் விடக் கூடாது.

பார்க்க என்ன வேண்டும் தெரியுமா? ஒரு இ.சி.ஜி. மயக்கம் என்று வருகிற எல்லோருக்கும் முதலில் எடுக்க வேண்டிய, ஐந்து நிமிஷத்தில் முடிகிற சோதனை. நீங்கள் எழுதிய பட்டியலில் தலை ஸ்கேன் இருக்கிறது, அது இல்லை.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும்போது என்று தள்ளாமல் இந்த வாரமே போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காலை ஓ.பி.யிலேயே பார்க்கலாம். மயக்கங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கே, எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று இருந்தால் போதும். கடையில் விழுந்ததைப் பார்த்த தோழி ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். 'மேடு ஏறும்போது விழுந்தேன், சித்தப்பா இளவயதில் இறந்தார்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், கூட்டத்தில் டாக்டருக்குக் கேட்க நேரம் இருக்காது. க்யூடி அளவை மெஷின் அச்சிட்டதோடு விடாமல் கையால் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பது தவறில்லை. இதயத்துடிப்புக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் பெண்களுக்கு 460 மில்லி செகண்டுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 500 தாண்டினால் ஆபத்து அதிகம். இ.சி.ஜி. தாள் நாளாக ஆக வெளுத்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு இ.சி.ஜி. நார்மலாக வந்தாலும் உங்கள் விஷயத்தில் அதோடு நிறுத்தக் கூடாது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும், நடக்க வைத்து இ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் சோதனையும் வேண்டும். ஓய்வில் சரியாக இருந்து, உழைக்கும்போது மட்டும் தடம் மாறும் இதயங்கள் உண்டு. படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிஷம் வரையிலும் பிரஷர் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை விழும் ஒருவர் அந்த ஒரு நாளில் விழுந்தால்தானே பயன்? இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால் மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறிய பதிவுக் கருவி இருக்கிறது, வருஷக்கணக்கில் இருந்து அடுத்த மயக்கத்தைப் பிடித்துவிடும். செலவு அதிகம். அந்த நிலை வந்தால் இதயத்துடிப்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம், வேலூருக்கோ கோவைக்கோ போக வேண்டியிருக்கும்.

அதுவரை மேட்டில் ஓட வேண்டாம், கிணற்றிலோ ஏரியிலோ இறங்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள அந்த ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது. காய்ச்சல், வாந்தி என்று மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். டோம்பெரிடோன், அசித்ரோமைசின் போன்ற சாதாரண மாத்திரைகளே க்யூடி நேரத்தை நீட்டக்கூடியவை. படுத்திருக்கும்போது மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ ஓ.பி.க்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடையில் கண் இருட்ட ஆரம்பித்தால் வெட்கப்படாமல் தரையில் படுத்துவிடுங்கள், காலைத் தூக்கி துணிக்கட்டின் மேல் வைக்கலாம். அதற்கு முன் நேரம் இருந்தால், காலைக் குறுக்கே பின்னித் தொடையை இறுக்குங்கள், இரண்டு கை விரல்களையும் கோத்து இழுங்கள். பிரஷர் ஏறும், பல நேரம் மயக்கம் தள்ளிப்போகும். டிபன் சாப்பிடாமல் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பாதீர்கள். வேலைக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர், நாள் முழுக்க இரண்டரை லிட்டர். பிரஷர் அதிகம் இல்லை என்றால் மதியம் உப்புப் போட்ட மோர். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள், ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். ஏற்காட்டுப் பெண்ணிடம் காபி வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்தான் இந்த வழக்கில் முக்கியமான சாட்சி. குடும்பத்தில் வேறு யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா, பயந்தால் மயங்கும் பிள்ளைகள் இருந்தார்களா, பிறவியிலேயே காது கேளாதவர்கள் உண்டா என்று உட்கார்ந்து கேளுங்கள். கடைசிக் கேள்வி விசித்திரமாக இருக்கும். லாங் க்யூடியில் ஒரு வகை, இரண்டு பக்கத்திலிருந்தும் கோளாறுள்ள மரபணு வந்து சேர்ந்தால் காது கேளாமையோடு வரும்.

மாப்பிள்ளை விஷயமும் இதில்தான் வந்து நிற்கிறது. அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் பேச்சு நடந்தால், சோதனை முடிவு கைக்கு வரும்வரை தட்டை மாற்ற வேண்டாம். வெளியில் என்றால் அவசரப்பட்டு வலிப்பு என்று சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 'மயக்கம் வந்தது, சோதனை நடக்கிறது' என்பது உண்மை, அதைச் சொன்னால் போதும். லாங் க்யூடி என்றே வந்தாலும் இதயத்துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையோடு வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்பவர்கள் ஏராளம். அப்படி வந்தால் உங்கள் தம்பிக்கும் அப்பாவுக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தம்பி கிணற்றில் குதித்துக் குளிக்கிற ஆள் என்றால் அவனுடையதை உங்கள் முடிவுக்குக் காத்திராமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.