கூழைக்கடாவுக்கு ஒரு பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழி வந்த கேஜன் மக்களின் பாடகர் ஸாக்கரி ரிஷார் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் பாடல்களைத் தேடிக் கேட்டேன். அக்கார்டியன் துள்ளுகிறது. ஆனால் மொழி உரிமை, எண்ணெய்க் கசிவு என்று அவர் இறங்கும்போது எனக்கு ஒட்டவில்லை. ஒரு காரியத்துக்காகப் பாட ஆரம்பித்தால் பாட்டு துண்டுப்பிரசுரம் ஆகிவிடாதா? அதனால் என்னதான் பயன்?

க. ர., திருச்சி

அன்புள்ள க. ர.,

உங்கள் கவலை நியாயமானது. அப்படிப் பாடப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்தந்தக் காரியத்தோடு செத்துப்போகின்றன. ஆனால் ரிஷார் பிரச்சினையைத் தேடிப் போனவர் அல்ல, அதற்குள்ளேயே பிறந்தவர்.

லூசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள், இனி பேசமாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த அவமானத்தோடு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். 1950இல் பிறந்த ரிஷாருக்கு பிரெஞ்சு, தாத்தா பாட்டி பேசிய மொழி. அதில் பாட வந்ததே ஒரு நிலைப்பாடுதான். 1755இல் பிரிட்டிஷார் கேஜன் மக்களின் முன்னோரை இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து விரட்டியடித்ததைப் பற்றியது அவருடைய 'ரெவேய்'. பயிரைக் கொளுத்த வருகிறார்கள், எழுந்திருங்கள் என்று கூவுகிற பாட்டு. அதில் கோரிக்கை எதுவும் கிடையாது. கோரிக்கைக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார்: 1996இல் நண்பர்களோடு 'ஆக்ஸியோன் கேடியன்' அமைப்பைத் தொடங்கி, பிரெஞ்சு வழிக் கல்விக்காக வாதாடினார்.

எண்ணெய் விஷயம் இன்னும் சிக்கலானது. 2010 ஏப்ரல் 20 அன்று, லூசியானா கரைக்கு அப்பால் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. கூழைக்கடா லூசியானாவின் மாநிலப் பறவை. 1960களில் பூச்சிமருந்தால் அங்கே அடியோடு அழிந்துபோய், ஃப்ளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து மீட்டெடுத்தார்கள். ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது 2009 நவம்பரில். அடுத்த சில மாதங்களிலேயே அதன் சிறகெல்லாம் எண்ணெய்! பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட ரிஷார் பாடிய 'லெ கிரான் கோஸியே' இந்தப் பறவையைப் பற்றியதுதான்.

அவர் யார் முன்னால் பாடினார் என்பதையும் பாருங்கள். அந்தக் கரையில் எண்ணெயும் சோறு போடுகிறது, இறாலும் சோறு போடுகிறது. அங்குள்ள மார்கன் சிட்டி என்ற ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுதோறும் ஒரே திருவிழா நடக்கிறது. துண்டுப்பிரசுரம் அங்கே யாராவது ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாக வேண்டும். பறவையைப் பாடியதால், இறால் படகில் போகிறவரும் துரப்பண மேடையில் வேலை பார்க்கிறவரும் சேர்ந்து துக்கப்பட முடிந்தது. நீங்கள் கேட்ட பயனில் பணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கிணற்றை அடைத்தது பொறியாளர்கள், சரி. ஆனால் அடைத்த பிறகும் அந்த மக்கள் ஒரே ஊரில் சேர்ந்து வாழ வேண்டுமே.

முதலில் 'ரெவேய்' கேளுங்கள், அப்புறம் கூழைக்கடாப் பாட்டு. அப்போதும் ஒட்டவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள், பேசுவோம்.