இரண்டு முறை திரும்பி வந்த பூனைக்கு எந்த வீடு பொருந்தும்?

கேள்வி: பினாங்கில் ஒரு பிராணிகள் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். அங்கே சூரன் என்று ஓர் ஆண் பூனை இருக்கிறான். ஒன்றரை வயது இருக்கும். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்துவிட்டன. ஆள் வந்தால் கம்பி ஓரம் ஓடி வந்து கத்துவான். ஆனால் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான். தாழ்ப்பாளைத் தானே திறப்பான், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பான், பக்கத்தில் நடந்தால் பாய்ந்து காலைக் கடிப்பான். தடவிக்கொடுத்தால் சற்று நேரம் சுகமாக இருந்துவிட்டுத் திடீரென்று கையைக் கவ்வுவான். எடுத்துப் போன இரண்டு குடும்பங்களும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டன. இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒன்று, ஆயர் ஈத்தாமில் தரைவீட்டில் இருக்கும் குடும்பம். மூன்று வயதுக் குழந்தையும் சர்க்கரை நோய் உள்ள பாட்டியும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அவன்மேல் ஆசை. இன்னொருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி, தனியாள், முன்பு பூனை வளர்த்தவர். காப்பகத்தில் பெரும்பாலோர் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், "ஏதாவது டுரியான் தோட்டத்தில் விட்டுவிடலாம், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்வான்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, இந்த இருவரில் ஒருவர்தான் என்றால் சூரனை அந்த இளைஞரிடமே கொடுங்கள். உடனே வேண்டாம். சில வேலைகளை முடித்துவிட்டு, சில நிபந்தனைகளோடு கொடுங்கள். தோட்டத்து யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

முதலில் அந்தக் கடியைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விதமான கடி இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. "கடிக்கிற பூனை" என்று ஒரே பெயர் சூட்டிவிட்டால் எந்த வீட்டிலும் அவனைச் சமாளிக்க முடியாது.

காலைப் பிடிப்பது வேட்டை விளையாட்டு. பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கவ்வுவது, அப்புறம் தின்பது என்ற வரிசை பூனையின் உடம்பிலேயே ஊறியது. கூண்டுக்குள் அதில் ஒன்றுகூட நடப்பதில்லை. நாள் முழுக்கத் தேங்கிக் கிடந்த வேகம், அசைகிற முதல் பொருளின்மேல் பாய்கிறது. அது உங்கள் கணுக்காலாகப் போய்விடுகிறது. இன்னொன்றும் இருக்கலாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் தங்களுக்குள் கட்டிப்புரளும்போதுதான் கற்றுக்கொள்கின்றன. தனியாகக் கண்டெடுத்து வளர்த்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்காது. சூரன் எப்படிக் காப்பகத்துக்கு வந்தான் என்று பழைய பதிவில் பாருங்கள்.

தடவும்போது கடிப்பது அப்படி அல்ல. "போதும்" என்று அவன் பலமுறை சொல்லியிருப்பான், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை தடவும்போது முகத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். முதலில் நுனி மட்டும் துடிக்கும். பிறகு முழு வாலும் தரையில் பட் பட்டென்று அடிக்கும். காது பக்கவாட்டில் திரும்பும். முதுகுத் தோல் அலைபோல் ஒரு முறை சுருங்கி விரியும். கண்மணி பெரிதாகும். இவ்வளவும் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் கடி. அதனால் கன்னத்திலும் தாடையிலும் மூன்று தடவை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அவனாகத் தலையைக் கொண்டுவந்து முட்டினால் இன்னும் மூன்று தடவை. முட்டவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான். வயிற்றையும் வால் அடியையும் தொடவே வேண்டாம். காப்பகத்தில் எல்லாரும் இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கடி குறைந்தால், அதையே புது வீட்டாரிடம் சொல்லிக் கொடுக்கலாம்.

கடித்தால் அடிப்பது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். விளையாடத் துடிக்கிற பூனை அதனால் பயந்த பூனையாக மாறும். பயந்த பூனையின் கடி இன்னும் ஆழமாக இறங்கும்.

இதற்கிடையில் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பல்வலி, காதில் உண்ணி, தோல் அரிப்பு இருந்தாலும் பூனை தொட்டால் கடிக்கும். மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று மலேசியப் பூனைகளிடம் காணப்படுகிறது, கீறல் வழியாக மனிதருக்கும் பரவும். கீறும் பழக்கம் உள்ள பூனையை ஒரு வீட்டுக்கு அனுப்பும்முன் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

கூண்டில் காண்பதை வைத்து மட்டும் பூனையை எடை போடாதீர்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுக்கப்பட்ட காப்பகப் பூனைகள், பெட்டி இல்லாதவற்றைவிடச் சீக்கிரமே பதற்றம் தணிந்தன. ஒரு காகித அட்டைப் பெட்டி போதும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு உள்ளே வையுங்கள். தாழ்ப்பாளுக்குச் சின்னக் கொக்கிப் பூட்டு ஒன்று மாட்டுங்கள். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல், முட்டை அட்டையின் குழிகளில் போட்டு மேலே கசங்கிய தாள் வைத்துக் கொடுங்கள். தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிந்த பூனைக்கு மூளைக்கு வேலை வேண்டும். முடிந்தால் தொண்டூழியர் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கூண்டு பல மாதத்தில் சொல்லாததை அந்த ஒரு வாரம் சொல்லிவிடும்.

திருப்பிக் கொடுத்த இரண்டு குடும்பங்களையும் கூப்பிட்டுப் பேசினீர்களா? குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம். "எத்தனை மணிக்குக் கடித்தான், அதற்குச் சற்று முன்னால் வீட்டில் என்ன நடந்தது, அவன் எங்கே இருந்தான்" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் பெரும்பாலும் பொழுது சாயும் நேரமோ விடியற்காலையோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பூனைகள் அதிகம் வேட்டையாடுவது அந்த இரண்டு பொழுதுகளில்தான்.

இங்கேதான் ஆயர் ஈத்தாம் குடும்பம் எனக்குக் கவலை தருகிறது. அவர்கள் ஆசையில் குறை இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழந்தை கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா அடுப்படியில் இருப்பார். பாட்டி சாமி விளக்கேற்றிக்கொண்டிருப்பார். சூரன் உச்ச வேகத்தில் இருக்கிற நேரமும் அதுதான். ஓடுகிற குழந்தையின் கால், ஆடுகிற சேலை முந்தானை, எரிகிற விளக்கு மூன்றும் ஒரே கூரையின் கீழ் அவன் எட்டும் தூரத்தில் இருக்கும். பூனைப் பல் ஊசிபோல் இறங்கும். மேலே சின்னத் துளை, உள்ளே ஆழத்தில் கிருமி. சர்க்கரை உள்ளவருக்கு அது சாதாரணக் காயம் இல்லை. யாருக்குக் கடிபட்டாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். பாட்டி போன்றவர்கள் என்றால் நேரத்தைக் கடத்தவே கூடாது.

தரைவீடு பெரிது, ஓடியாட இடம் இருக்கிறது என்பார்கள். இடம் இருந்தால் மட்டும் பூனையின் வேகம் தணியாது. கோல் நுனியில் இறகைக் கட்டி ஒருவர் தினமும் ஆட்டினால்தான் தணியும். வாசல் திறந்தே கிடக்கும் தரைவீட்டில் இவன் இரண்டே நாளில் தெருவுக்குப் போய்விடுவான், அந்த வட்டாரத்து வாகன நெரிசல் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். உங்கள் காப்பகத்திலேயே ஐந்து ஆறு வயதில், குழந்தை சத்தத்துக்கு அசராத, நிதானமான பூனை ஒன்றாவது இருக்கும். அவர்கள் மடியில் உட்காரும் பூனையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதையே காட்டுங்கள்.

தோட்டத்து யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மனிதரை அண்டவே அண்டாத, வெளியிலேயே வளர்ந்த பூனைகளைக் கூரையும் தீனியும் பொறுப்பான ஆளும் உள்ள தோட்டத்திலோ கிடங்கிலோ வைக்கலாம். சில வாரம் அங்கேயே அடைத்துப் பழக்கிய பிறகுதான் அதையும் செய்ய வேண்டும். சூரன் அந்த ரகம் இல்லை. ஆள் வந்தால் ஓடி வந்து கத்துகிறவன் அவன். பாலிக் பூலாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டு வந்தால் நாய்க்கும் பாம்புக்கும் பசிக்கும் நடுவே தனியாக நிற்பான். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி பிராணியைக் கைவிடுவதும் குற்றம்தான்.

சரி, இளைஞர் விஷயத்துக்கு வருவோம். பூனை வளர்த்த அனுபவம் இருக்கிறது. வீட்டில் குழந்தை இல்லை. ஷிப்ட் என்றதும் எல்லாரும் தயங்குகிறார்கள். எனக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை. வேலை நேரம் மாறினாலும் நடக்கும் வரிசை மாறாமல் இருந்தால் பூனை பழகிக்கொள்ளும். கதவு திறந்ததும் பத்துப் பதினைந்து நிமிட விளையாட்டு, முடிவில் அவன் பிடித்துக் கவ்வ ஒரு பொம்மை, உடனே சாப்பாடு. வேட்டை, தீனி, தூக்கம். படுக்கும் முன் இன்னொரு சுற்று. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் நடுவில் தானாகத் தீனி போடும் கருவி ஒன்று வேண்டும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் சூரன் தேடித் தின்ன, வீட்டில் நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தீனி ஒளித்துவைக்கலாம்.

என் பெரிய கவலை அந்த ஒன்பதாவது மாடிதான். உயரத்திலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வு புகழ்பெற்றது. அவற்றில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. இதைச் சொல்லித்தான் "பூனை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அது சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டவற்றின் கணக்கு. விழுந்த இடத்திலேயே செத்தவை அதில் வராது. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சடி, தாடை உடைவு, கால் முறிவு. பறக்கிற பூச்சியைக் கண்டால் சூரன் யோசிக்க மாட்டான், பாய்ந்துவிடுவான். பால்கனி, ஜன்னல், குளியலறைக் கண்ணாடிப் பட்டை எல்லாவற்றுக்கும் கம்பி வலை அடித்தாக வேண்டும். நைலான் வலையை இவன் கடித்தே அறுத்துவிடுவான். சாதாரண இரும்புக் கிரில் போதாது. தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். வலை அடித்த படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பிறகுதான் பூனை வீட்டுக்குப் போக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகை வீடா என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, மற்ற குடியிருப்பாளருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்துமூலம் அறிவித்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டியிருக்கும். விடியற்காலையில் கதவருகே நின்று கத்துகிற பூனைக்கு இது உண்மையான ஆபத்து. இரவில் கடைசி விளையாட்டும் கடைசி தீனியும் எவ்வளவு தாமதமாக நடக்கிறதோ, அவ்வளவு தாமதமாகத்தான் காலையில் கத்துவான்.

ஒருவேளை அந்த இளைஞர் பின்வாங்கினால் புதிதாக விளம்பரம் போட வேண்டியிருக்கும். அதில் "பாவம், யாருமே விரும்பாத பூனை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாவம் பார்த்து எடுப்பவர்தான் முதல் கடியில் திருப்பிக் கொண்டுவருவார். உண்மையை அப்படியே போடுங்கள்: "சூரன், ஒன்றரை வயது. மடியில் உட்கார மாட்டான். துரத்துவான், தாவுவான், கதவைத் திறக்கக் கற்றுக்கொள்வான். தினமும் இரண்டு வேளை அவனோடு விளையாட உங்களால் முடியுமா? சின்னக் குழந்தை இல்லாத, ஜன்னலுக்கு வலை அடித்த வீடு வேண்டும். காலைக் கடிக்கும் பழக்கம் உண்டு, குறைக்கும் வழியை நாங்கள் சொல்லித் தருவோம்." ஆள் குறைவாகத்தான் வருவார்கள். வருகிறவர் தெரிந்தே வருவார்.

தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஒட்டிய வாரங்களில் அனுப்ப வேண்டாம். பட்டாசுச் சத்தத்தில் புது வீடு பழகாது. போன நாளில் முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஓர் அறையில் மட்டும் மணல் தொட்டி, தண்ணீர், ஒளிந்துகொள்ள அந்தப் பழைய அட்டைப் பெட்டி ஆகியவற்றோடு வைக்கச் சொல்லுங்கள். அது கழுவாத பெட்டியாக இருக்கட்டும், அவன் வாசனை அதில் இருக்கிறது. காப்பகங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். இன்னொரு பூனை சேர்ப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். கருத்தடை செய்த, இவன் வயதையொத்த, விளையாட்டுக் குணம் உள்ள பூனை என்றால் இருவருக்கும் நல்லது. வயதான பூனையோடு சேர்த்தால் அதற்குத்தான் தொல்லை.

அந்த மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் ஒவ்வொன்றிலும் நீங்களே கூப்பிடுங்கள். "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் "நல்லா இருக்கான்" என்ற பதில்தான் வரும். "கடைசியாக எப்போது கடித்தான், அன்றைக்கு விளையாடினீர்களா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்று அவர் சொன்னால் எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால்தான் சிக்கல் வரும்போது மறைக்காமல் உங்களைக் கூப்பிடுவார்.