ஒரு கண்ணை மூடினால் புள்ளி மறைவது ஏன்?

கேள்வி: தாளில் ஒரு கூட்டல் குறியும் அதன் வலப்புறம் ஒரு புள்ளியும் வரைந்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு குறியை மட்டும் உற்றுப் பார்த்தபடி தாளை அருகே கொண்டுவந்தபோது, புள்ளி திடீரென மறைந்துவிட்டது. இது பார்வைக் குறைபாடா? நான் வாகனம் ஓட்டுபவன், கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலை வேண்டாம், புள்ளி மறையாதிருந்தால்தான் நீங்கள் குறியிலிருந்து பார்வையை விலக்கிவிட்டீர்கள் என்று நான் சந்தேகித்திருப்பேன். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தரும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள், அந்தச் செல்களுக்கு முன்பாக விழித்திரையின் மேற்பரப்பில் ஓடி, ஓரிடத்தில் திரண்டு, பார்வை நரம்பாகக் கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அந்த வாயிலில் ஒளியுணர் செல்களே இல்லாததால் அங்கே விழும் பிம்பம் பதிவாவதில்லை. குருட்டுப்புள்ளி எனப்படும் இதை 1660களில் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டு அறிவியலாளர் எட்மே மரியோட். (ஆக்டோபஸின் நரம்பிழைகள் விழித்திரையின் பின்புறமிருந்தே கிளம்புவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.)

உற்று நோக்கும் இடத்திலிருந்து காதுப் பக்கமாக ஏறத்தாழ 15 பாகை தள்ளி இருக்கும் இந்த இடைவெளி, 5 பாகைக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான் என்பதால், பத்து நிலவுகளை வரிசையாக வைத்தாலும் அதற்குள் அடங்கிவிடும். குறிக்கும் புள்ளிக்கும் இடையே 10 செ.மீ. விட்டிருந்தால், கண்ணிலிருந்து சுமார் 36 செ.மீ. தொலைவில் புள்ளி மறையும்.

இரு கண்களும் திறந்திருக்கையில், வலக்கண்ணின் இடைவெளி வலப்புறமும் இடக்கண்ணின் இடைவெளி இடப்புறமும் அமைவதால், ஒன்று தவறவிடுவதை மற்றது பிடித்துவிடுகிறது. ஆகவே ஓட்டுவதற்குத் தடையில்லை. ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை விடக்கூடாது.

ஒரு கண்ணை மூடிய பிறகும் அந்த இடத்தில் கருந்துளை தெரியாததுதான் வியப்புக்குரியது. புள்ளியின் நடுவே செல்லுமாறு ஒரு நீண்ட கோட்டை வரைந்து மீண்டும் சோதித்துப் பாருங்கள்: புள்ளி மறையும், கோடோ அறுபடாமல் தெரியும். தாள் மஞ்சளாக இருந்தால் மறைந்த இடமும் மஞ்சளாகவே தோன்றும். சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது; உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அறிய அதற்கு வழியில்லை.

மருத்துவராக நான் கவலைப்படுவது இந்த நிரப்புதலைப் பற்றித்தான். கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயில் பார்வைப்புலத்தில் உருவாகும் இடைவெளிகளையும் மூளை இவ்வாறே மூடி மறைத்துவிடுவதால், நோய் முற்றும்வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. எனவே 40 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும், பார்வை தெளிவாக இருந்தாலும், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாறாக, பார்வையில் கரும்படலமோ திரைபோன்ற நிழலோ புதிதாகக் கண்ணுக்குத் தெரிந்தால், அது இயல்பான குருட்டுப்புள்ளி அன்று. அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பார்வைப்புலப் பரிசோதனையின் அச்சு வரைபடத்தில் மையத்திலிருந்து 15 பாகை தள்ளிக் காதுப் பக்கமாக ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கண்டு பதறி வருபவர்கள் உண்டு. அது எல்லோருடைய வரைபடத்திலும் இருக்க வேண்டிய புள்ளி. அது பழைய அறிக்கையில் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள்.