மெய் அட்டவணையை மனப்பாடம் இல்லாமல் கற்பிப்பது எப்படி?

மேல்நிலை மாணவர்கள் மெய் அட்டவணையை (பகுதிக் கூற்றுகள் மெய், பொய் ஆகும் ஒவ்வொரு நிலையிலும் முழுக் கூற்று மெய்யா பொய்யா என்று காட்டும் கட்டத்தை) ஒப்பிக்கிறார்களே தவிரப் புரிந்துகொள்வதில்லை, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் இது தனிநிலைக் கணிதம் என்ற கடைசி அத்தியாயத்தில் வருகிறது. கடைசியில் வருவதாலேயே, திருப்புதல் தேர்வு நெருங்கும் வேளையில், 'நான்கு வரிசையையும் எழுதிப் பழகுங்கள், மதிப்பெண் உறுதி' என்று முடித்துவிடும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது என்பதால் யாரும் குறை சொல்வதும் இல்லை.

கூற்றுகளை இணைக்கவும் மறுக்கவும் உதவும் சொற்களில் 'மற்றும்', 'இல்லை' ஆகிய இரண்டுக்கும் அதிக நேரம் வேண்டாம். 'அல்லது' என்பதில் மட்டும் சற்று நிற்க வேண்டும். காபியா, டீயா என்று கேட்பவர் இரண்டையும் தரப்போவதில்லை. ஆனால் 'ஆதார் அல்லது வாக்காளர் அட்டை கொண்டுவரவும்' என்ற அறிவிப்பைப் பார்த்து இரண்டையும் எடுத்துவந்தவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. கணிதம் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது பொருளை.

உண்மையான சிக்கல் 'இது மெய்யானால் அதுவும் மெய்' என்ற வடிவிலுள்ள நிபந்தனைக் கூற்றில்தான் இருக்கிறது. முதல் கூற்று பொய்யாக இருக்கும்போது முழுக் கூற்றும் எப்படி மெய்யாகும் என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் ஒரு மாணவராவது எழுப்புவார். 'அது அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது' என்று பதில் சொன்னால், அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவே மாட்டார். நான் அட்டவணையை எழுதுவதற்கு முன்பே, 'ஓர் எண் 9 ஆல் வகுபட்டால் 3 ஆலும் வகுபடும்' என்பதைப் பலகையில் எழுதி, இது எல்லா இயல் எண்களுக்கும் பொருந்துமா என்று கேட்பேன். பொருந்தும் என்று வகுப்பு முழுவதும் ஒப்புக்கொண்ட பிறகு, 18, 6, 5 ஆகிய எண்களை அதில் இட்டுப் பார்க்கச் சொல்வேன். 18 இல் இரண்டு பகுதிகளும் மெய்; 6 இல் முதல் பகுதி பொய், இரண்டாவது மெய்; 5 இல் இரண்டுமே பொய். எல்லா எண்களுக்கும் மெய் என்று சற்று முன்பு ஒப்புக்கொண்ட கூற்றை 6 ஐயும் 5 ஐயும் காட்டிப் பொய்யாக்க முடியாது என்பதால், அந்த இரண்டு வரிசைகளிலும் 'மெய்' என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். முதல் பகுதி மெய்யாகவும் இரண்டாவது பொய்யாகவும் அமையும் எண்ணைத் தேடச் சொன்னால், அப்படி ஒன்று அகப்படாது. அகப்பட்டிருந்தால் கூற்றே விழுந்திருக்கும்.

'முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்று அப்பா சொல்லும் உதாரணத்தைப் பலரும் இந்த இடத்தில் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எடுக்காவிட்டால் சைக்கிள் கிடையாது என்பதும் அந்தப் பேச்சுக்குள் அடங்கியிருப்பதை எந்தப் பிள்ளையும் அறியும். அதனால் அவர்கள் மனதில் பதிவது, 'இது மெய்யானால், மெய்யானால் மட்டுமே, அதுவும் மெய்' என்னும் இருநிபந்தனைக் கூற்றின் அட்டவணைதான். மறுதலையையும் (இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றிய கூற்றையும்) மூலக் கூற்றையும் ஒன்றாகவே எண்ணும் பழக்கம் இதனால் இன்னும் வலுப்படுகிறது. அந்த உதாரணத்தை இருநிபந்தனை வரும்வரை ஒதுக்கி வைப்பது நல்லது.

அடுத்த வகுப்பில், பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966 இல் வெளியிட்ட சீட்டுச் சோதனையைத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றித் தருவேன். நான்கு சீட்டுகளில் ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் இருக்கின்றன. மேசைமீது தெரிபவை அ, க், 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்ற விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். படித்த பெரியவர்களும் இதே விடையைத்தான் சொல்கிறார்கள். 4 இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி மீறப்படுவதில்லை. 7 இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் மீறப்படுகிறது. ஆகவே திருப்ப வேண்டியவை அ, 7 மட்டுமே. அட்டவணையில் 'பொய்' என்று முடியும் ஒரே வரிசையில் விழக்கூடிய சீட்டுகள் இவை இரண்டுதான் என்று காட்டும்போது, அதுவரை வெறும் எழுத்துக் கட்டமாக இருந்த அட்டவணைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

வரிசைகள் விடுபடாமல் எழுதுவதற்கு எளிய முறை போதும்: மூன்று கூற்றுகளுக்கு எட்டு வரிசைகள், கடைசிக் கூற்றின் பத்தியில் மெய், பொய் என்று ஒன்றுவிட்டு ஒன்று, அதற்கு முந்தையதில் இரண்டிரண்டு, முதல் பத்தியில் நான்கு நான்கு.

வீட்டுப்பாடமாக, மாடிப்படி விளக்கின் இரண்டு சுவிட்சுகளையும் நான்கு விதமாக வைத்துப் பார்த்து அட்டவணை எழுதிவரச் சொல்லலாம். சிலருக்கு இரண்டும் ஒரே பக்கம் இருக்கும்போது விளக்கு எரியும், சிலருக்கு வெவ்வேறு பக்கம் இருக்கும்போது எரியும். வயர் இணைத்த விதத்தைப் பொறுத்தது அது. முதல் அட்டவணை இருநிபந்தனைக் கூற்றுக்கு உரியது, இரண்டாவது அதன் மறுப்பு. சுவிட்சுச் சுற்றுகளைத் தர்க்கச் சமன்பாடுகளாகவே எழுதிவிடலாம் என்பதைக் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாடு ஷானன் 1937 இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார் என்பதை இந்த அட்டவணைகளைத் திருத்தும்போது சொல்லலாம். கணினிப் பாடத்தில் அவர்கள் படிக்கும் தர்க்க வாயில்களுக்கும் ('மற்றும்', 'அல்லது', 'இல்லை' ஆகியவற்றைச் செய்யும் மின்சுற்றுகளுக்கும்) இதற்கும் உள்ள தொடர்பைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.