பணியிடப் பாகுபாட்டு வழக்குகளை மட்டுமே நடத்தும் வழக்கறிஞராக வாழ முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து, பி.காம். முடித்தபின் இதைக் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் தொடக்க ஆண்டுகளில் வருமானத்துக்கு வேறு வழக்குகளும் தேவைப்படும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு ஆகியவை உங்களைப் போன்ற பட்டதாரிகள் எல்லோருக்கும் பொதுவானவையே.

அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு தரும் வேலைவாய்ப்புச் சமத்துவம் அரசுப் பணிகளுக்கு உரியது; தனியார் துறையின் எல்லாப் பாகுபாடுகளையும் தடுக்கும் ஒரே பொதுச் சட்டம் நம்மிடம் இல்லாததால், மணலி ஆலை ஊழியர் ஒருவர் உங்களிடம் வரும்போது, 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமா, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமா, ஊதியச் சட்டமா, எது பொருந்தும் என்று தேடிப் பிடிப்பதே பாதி வேலை. 1987-இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் கிடைத்தது சம ஊதியச் சட்டத்தின் வழியாகத்தான். சாதிப் பாகுபாட்டை நிரூபிப்பது இன்னும் கடினம். அதை யாரும் எழுத்தில் வைப்பதில்லை.

தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பின் ஒப்புதலும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் ஆஜராக முடியும். தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே, உயர் நீதிமன்றத்தில் பணி சார்ந்த வழக்குகளை நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்வதோடு, 1918-இலேயே ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட பெரம்பூர்ப் பக்கம் ஏதேனும் ஒரு தொழிற்சங்க அலுவலகத்திலும் மாலை நேரங்களில் அமர்ந்து பழகுங்கள்.