நடந்தால் கெண்டைக்கால் வலி: எந்தச் சிகிச்சை பலன் தருகிறது?

கொஞ்ச தூரம் நடந்ததும் வலி, நின்றால் சரியாகிவிடுகிறது என்றால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருக்கலாம். முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு நடையே மருந்து. வலி வரும்வரை நடந்து, ஓய்வெடுத்து, மறுபடி நடப்பது. வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். வட அமெரிக்காவில் நடந்த கிளெவர் ஆய்வு (2012), இடுப்புப் பக்கத் தமனியில் அடைப்புள்ளவர்களை ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து டிரெட்மில்லில் நடக்கும் நேரம் அதிகம் கூடியது ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு அல்ல, மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கு! ஆனால் வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்டபோது ஸ்டென்ட் குழுவே முந்தியது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து பதிலும் மாறுகிறது.

சிலோஸ்டசால் மாத்திரையும் நடைதூரத்தைக் கூட்டும், ஓரளவுக்கு. இதயச் செயலிழப்பு இருந்தால் கூடாது. அப்புறம், சிகரெட்டை விடாமல் இதையெல்லாம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.