எஃப் கார்ட் விழவில்லையா? விரலைக் குறை சொல்லும் முன் கிட்டாரை அளந்து பாருங்கள்

கேள்வி: ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஊர் தூத்துக்குடி. கம்பிகள் உயரமாக இருப்பதால் விரல் வலிக்கிறது, எஃப் கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு) இன்னும் சுத்தமாக விழவில்லை. நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில் உள்ள ட்ரஸ் ராடை முறுக்கினால் கம்பி இறங்கிவிடும் என்கிறார் நண்பர். நானே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் கம்பியின் உயரத்தைக் குறைக்க ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். அதன் வேலை வேறு. 12-53 அளவுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், மெல்லிய கம்பி 12, தடித்தது 53) ஒரு செட் கம்பி சுருதி சேர்ந்து நிற்கும்போது நெக்கை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கிறது. அந்த இழுப்பில் நெக் முன்பக்கமாக வளையும். அந்த வளைவை எதிர்த்துப் பிடிக்கத்தான் நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு ஓடுகிறது. திருகிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடுக்கு 1923இல் காப்புரிமை பெற்றவர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ. இதை முறுக்கினால் கம்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த ஆசையில் மேலும் மேலும் முறுக்கி, நெக் பின்பக்கம் வளைந்து, முதல் ஐந்து ஃப்ரெட்டும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கரகரக்கும் நிலையில் பல கிட்டார்கள் பழுதுக்கு வருகின்றன.

முதலில் புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேருங்கள். பழைய, துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு எதை அளந்தாலும் அளவு ஏமாற்றும். அப்புறம் ஒரு ஃபீலர் கேஜ் வேண்டும். பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருப்பாரே, அதேதான். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் போதும்.

நெக் வளைவைப் பார்க்க, தடித்த ஈ (E) கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் (பெரும்பாலும் 14ஆவது ஃப்ரெட்) ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் ட்ரஸ் ராடுக்கு வேலையே இல்லை. அதிகமாக இருந்தால் ஆலன் கீயை வலப்பக்கம், இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளக்க வேண்டும். கீ இறுகி நின்றால் பலம் கொடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். நைலான் கம்பி கிட்டார்கள் பலவற்றில் ட்ரஸ் ராடே இருக்காது. அவற்றில் ஸ்டீல் கம்பி மாட்டினால் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைப் பிடித்து நிற்கும் மரக்கட்டை) பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இனி உங்கள் எஃப் கார்டுக்கு வருவோம். பாதிப் பேர் விரலில் பலமில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் வருந்துகிறார்கள். பல நேரம் குற்றம் நட்டில் இருக்கும். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைப் பட்டையில் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால், முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்த வீண் பலம் போகும். எஃப் விழுவதோ அங்கேதான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று இலகுவாக விழுந்தால் நட்தான் உயரம். கேப்போ இல்லையென்றால், கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். நட் உயரமான கிட்டாரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெறும் கம்பியில் சுருதி சரியாக இருக்கும், முதல் இரண்டு ஃப்ரெட்டில் கார்ட் பிடித்தால் சுருதி ஏறிக் கேட்கும். காது தேர்ந்த மாணவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

நட்டைச் சரிசெய்த பிறகுதான் மொத்த உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை அளக்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை தடித்த ஈ-க்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈ-க்கு 1.6 முதல் 1.8 மி.மீ. இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சுகமாக இருக்கும். கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் நிற்கும் சேடிலின் (கம்பிகள் மேலே படிந்து செல்லும் மெல்லிய பட்டை) அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால், அங்கே எவ்வளவு குறைக்க நினைக்கிறீர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு சேடிலில் குறைக்க வேண்டும். அங்கே 3 மி.மீ. இருப்பதை 2.4 ஆக்க, சேடிலில் 1.2 மி.மீ. போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மீது உப்புத்தாளை விரித்து, சேடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். அடிப்பக்கம் சாய்ந்துபோனால் ஓசை மங்கும். முதலில் ஒரு மாற்றுச் சேடில் வாங்கி அதைத் தேயுங்கள், பழையதைப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

இதை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்ய வேண்டாம் என்பேன். உங்களைப் போன்ற கடலோரக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஈரத்தில் மேல்பலகை உப்பிப் பிரிட்ஜையும் சேர்த்துத் தூக்கும், கம்பி தானாக உயரும். அப்போது தேய்த்துவிட்டால் வெயில் காலத்திலோ ஏசி அறையிலோ பலகை இறங்கி, கம்பி ஃப்ரெட்டில் தட்டும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளும் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விடவே கூடாது. பசை இளகிப் பிரிட்ஜ் எழும்பும்.

வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்தாலே அவற்றின் ஆயுள் கூடும். ஃப்ரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். ரோஸ்வுட்டாக இருந்தால் ஃப்ரெட்போர்டுக்கென்றே விற்கும் எண்ணெயை வருடத்துக்கு ஓரிரு முறை சில சொட்டு போட்டுத் துடைத்தால் போதும்.

நட் பள்ளம் வெட்டும் வேலையை மட்டும் முதல் தடவை கடையில் கொடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கேற்ற அரம் வேண்டும், அரை இழை ஆழம் கூடினால் வெறும் கம்பி கரகரக்கும், நட்டையே மாற்ற வேண்டி வரும். கொடுக்கும்போது பொதுவாக “செட்டப்” என்று சொல்லாமல், நீங்கள் எடுத்த அளவுகளை எழுதிக்கொடுத்து, “நட் உயரத்தை மட்டும் குறையுங்கள், சேடிலை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரப்பு இருந்தாலும், பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் நுழையும் அளவுக்கு வெடிப்பு தெரிந்தாலும் அதையும் அவர்களிடமே காட்டிவிடுங்கள்.